சத்தம் பிடிக்கிறவர்கள்

கொறற்றி சமையலறைத் தொட்டியடியில் நின்று, சவர்க்கார நுரைக்குள் கையை வைத்துக் காப்புகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நாலு காப்புகளில் மூன்று சொன்னபடி கேட்டு இறங்கிவிட்டன. நாலாவது பெருவிரல் மொழியில் வந்து நின்றுகொண்டு அடம்பிடித்தது. பக்கத்தில் அவள் புருஷன் அலோசியஸ் துவாயோடு நின்றார். முகத்தில், பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவரின் தவிப்பு.

"இழுக்காதேயும். மெல்லத் திருப்பும்."

"இஞ்சாருங்கோ, நான் ரயில் பாக்க வாறனோ, ஒப்பரேசனுக்குப் போறனோ?"

"காப்புக் கிலுங்கினா அவ்வளவும் மைக்கில விழும். அந்த நைலோன் ஜக்கெட்டும் வேண்டாம். கையை அசைச்சாலே சரசரக்கும். கம்பளிக் கோட்டைப் போடும்."

ஜெர்மனியில், பீலெஃபெல்டில் இருந்த பிரித்தானிய இராணுவ முகாமின் களஞ்சியத்தில் அலோசியஸுக்கு வேலை. அங்கேதான் அவருக்கு இந்த ரயில் விசர், இந்தப் பைத்தியம், தொற்றியது. தொற்ற வைத்தவன் டெரி என்கிற வெள்ளைக்காரன். இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, ஒரு ஜெர்மன்காரியைக் கட்டிக்கொண்டு, ஊருக்குப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டவன். ஒருநாள் அவன் வீட்டு நிலவறைக்கு ஒரு அலுமாரியை இறக்க உதவி கேட்டான். அலுமாரியை இறக்கப் போன அலோசியஸ் சாப்பாட்டுக்கும் வரவில்லை, தேநீருக்கும் வரவில்லை. கடைசியில் கொறற்றியே தேடிப் போனாள். சுவரிலிருந்து சுவர்வரை இடுப்புயர மேசை. அதன்மேல் ஒரு முழு இங்கிலாந்து ஊர். தபால்கந்தோர், தேவாலயம், கொடியில் காயப்போட்ட விரல்நக அளவு உடுப்புகள், மேடையில் பெட்டியோடு காத்திருக்கும் அரிசிமணி உயர மனிதர்கள். அதற்குள்ளே ஒரு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. மேசைக்கு அடியில் ஒலிபெருக்கி வைத்து, உண்மையான எஞ்சினின் சத்தத்தை டெரி அதற்குப் பொருத்தியிருந்தான். அலோசியஸ் ரயிலைப் பார்க்கவில்லை. மேசைக்குக் கீழே தரையில் குந்தியிருந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

வெள்ளைக்காரருக்குள் ரயில் விசர் பல வகை என்று பிறகு அவர் அவளுக்கு விளக்கினார். படம் எடுக்கிறவர்கள் ஒரு வகை. டெரி மாதிரி வீட்டுக்குள்ளே ஊர் கட்டுகிறவர்கள் இன்னொரு வகை. எல்லோரிலும் குறைவாக இருக்கிறவர்கள் சத்தம் பிடிக்கிறவர்கள். காட்டிலும் மலையிலும் மைக்கை நட்டுவிட்டு, மூச்சுவிடாமல் நின்று, ஊரில் கரிக்கோச்சி என்று சொல்கிற பழைய நீராவி எஞ்சின் ஏறிப்போகிற சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள். டெரிக்கு அதிலும் ஒரு கால் இருந்தது, அலோசியஸும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தார். அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் அவரை யாரும் கண்டது கிடையாது. பிறந்தநாளோ, சாமத்தியச் சடங்கோ, கொறற்றி தனியாகத்தான் போய்ப் பரிசைக் கொடுத்துவிட்டு வருவாள். பிள்ளைகள் வீட்டில் இருந்தவரை அது பெரிதாகத் தெரியவில்லை. இரண்டு பேரும் வேறு நகரங்களுக்குப் போய்விட்ட பிறகு, சனிக்கிழமை வீடு அவளைப் பிடித்துத் தின்றது.

தானும் வருகிறேன் என்று எத்தனையோ தரம் கேட்டாள். ஒவ்வொரு தரமும் ஒரே பதில்தான்.

"உமக்கு வாயை மூடிக்கொண்டிருக்க ஏலாது."

அதில் பொய் எதுவும் இல்லை. கொறற்றி பஸ் சாரதியோடு கதைப்பாள், வரிசையில் முன்னால் நிற்கிறவரோடு கதைப்பாள், யாருமே அகப்படாவிட்டால் அடுப்பில் கொதிக்கிற குழம்போடு கதைப்பாள். ஆனாலும் அந்த வார்த்தை அவளைச் சுட்டது. போன வாரம் சாப்பிடும்போது, மலைப்பாதையில் ஓடுகிற ஒரு பழைய எஞ்சினின் கொதிகலனுக்குக் கொடுத்த அனுமதித் தவணை முடிகிறது, இந்தச் சனிக்குப் பிறகு அதை ஓடவிடமாட்டார்கள், திருத்தக் காசு கிடைக்குமோ தெரியாது என்று அவர் சொன்னார். ஆஸ்பத்திரியில் கிடக்கிற சொந்தக்காரரைப் பற்றிச் சொல்கிற குரலில் சொன்னார். கொறற்றி கரண்டியை வைத்தாள்.

"இந்த முறை நானும் வாறன். வாயே திறக்கன். திறந்தா இனிமேல் கேக்கவும் மாட்டன்."

சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய பந்தயம் கட்டிவிட்டோம் என்று அவளுக்கு விளங்கியது. வென்றால் சனிக்கிழமைகளில் பாதி அவளுடையது. தோற்றால் அந்தக் கதவை அவளே இழுத்துச் சாத்தின மாதிரி.

நாலாவது காப்பும் கழன்றது. அலோசியஸ் எல்லாவற்றையும் துடைத்து லேஞ்சித் துணியில் முடிந்து தன் பையில் போட்டுக்கொண்டார்.

சத்தம் பிடிக்கிறவர்களின் இங்கிலாந்துச் சங்கத்தார் வாடகைக்குப் பிடித்த ரயில் அது. பெட்டி முழுக்க நரைத்த தலைகள், தொப்பிகள், தேநீர்க் குடுவைகள். டெரி கையைக் குலுக்கி நல்வரவு சொன்னான். நியூகாசிலிலிருந்து இதற்கென்றே கப்பலேறி வந்த ஒரு கிழவர் மட்டும் அவளை மேலும் கீழும் பார்த்தார். கோட்டில் பொத்தான் கிலுங்குமோ என்று பார்த்திருக்கவேண்டும். மலையடிவாரக் காட்டில், ஸ்டேஷனோ மேடையோ இல்லாத இடத்தில் ரயில் நின்றது. எல்லோரும் பனியில் குதித்து இறங்கினார்கள். அவர்களை அங்கேயே விட்டுவிட்டு ரயில் பின்பக்கமாக நகர்ந்து வளைவில் மறைந்துபோனது.

"ஐயோ, விட்டிட்டுப் போறானே!"

"பயப்பிடாதேயும். கீழ போய்த் திரும்பி வரும். எங்களைக் கடந்து உச்சிவரைக்கும் ஏறும். பிறகு இறங்கி வந்து ஏத்தும். ஒரே ஒருக்காத்தான். அதுக்குப் பிறகு பயணிகள் ரயில் வந்திடும், பாதை கிடையாது."

மரங்களுக்கிடையே ஆளாளுக்கு ஒரு இடம் பிடித்தார்கள். மைக்குகளுக்குக் குளிருக்குப் போர்த்தின மாதிரி, காற்றுச் சத்தம் புகாத மயிர்க்கூடு மாட்டினார்கள். அலோசியஸ் தன்னுடையதை ஒரு அடிமரத்தின்மேல் வைத்து, கையடக்க ஒலிப்பதிவுக் கருவிக்குள் தீப்பெட்டி அளவான பதிவுத் தட்டைச் செருகினார். இருமப்படாது, மூக்கை உறிஞ்சப்படாது, காலை மாற்றி வைக்கப்படாது, ரயில் போய் அதன் சத்தம் முழுதாக அடங்கும்வரை ஒரு சொல் பேசப்படாது என்று கடைசியாக ஒருமுறை ஓதினார்.

"விளங்கிச்சோ?"

கொறற்றி வாய்க்குமேல் விரலை வைத்துக் காட்டினாள். டெரி கையை உயர்த்தினான்.

அதன்பிறகு வந்த நிசப்தத்துக்கு அவள் ஆயத்தமாக இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் குருவானவர் அப்பத்தை உயர்த்துகிற நேரத்தில் கோயில் முழுக்க ஒரு அமைதி விழுமே, அது. ஆனால் இங்கே சுவரும் கூரையும் இல்லை. காடு முழுக்க அந்த அமைதி. வளர்ந்த ஆண்கள், பேரப்பிள்ளை கண்ட கிழவர்கள், தலையைக் குனிந்து, கைகளைத் தொங்கவிட்டு, ஒரு இலைகூட மிதிபடாமல் நின்றார்கள். எங்கேயோ உருகிய பனி சொட்டியது. அந்தச் சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் இடையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. இத்தனை வருசமாக இந்த மனுசன் தன்னிடமிருந்து தப்பி ஓடிப் போகிறார் என்று நினைத்திருந்தாள். இல்லை, இதற்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தபோது அவளுக்கு ஒரு பொறாமையும் ஒரு பக்தியும் ஒன்றாக வந்தன.

முதலில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கிழவரின் தலை மெல்ல நிமிர்வதைத்தான் கண்டாள். பிறகு பள்ளத்தாக்கின் அடியிலிருந்து ஒரு விசில். அது ஒரு மலையில் மோதி, இன்னொரு மலையில் மோதி, யாரும் தேடாத இடமெல்லாம் போய்த் திரும்பி வந்தது. பிறகு மூச்சு. ஒவ்வொரு மூச்சுக்கும் இடையில் நெடிய யோசனை. பாரம் இழுக்கிற மூச்சு. அது நெருங்க நெருங்கச் சத்தம் காதால் மட்டும் வரவில்லை, சப்பாத்துக்கு அடியால் ஏறி முழங்காலுக்கு வந்தது. மரக்கிளைகளில் இருந்த பனி தூளாக உதிர்ந்தது. காட்டுக்கு மேலே வெள்ளைப் புகை கோபுரமாக எழுந்தது. கொறற்றி கழுத்துத் துண்டைப் பல்லால் கடித்துக்கொண்டாள்.

வளைவுக்குச் சற்று முன்னால் எஞ்சின் வழுக்கியது. ஈரத் தண்டவாளத்தில் சில்லுகள் பிடி விட்டுச் சுழன்றன. ஒழுங்காக வந்த மூச்சு சிதறி, படபடவென்று ஒரே இருமலாக இருமி, அப்படியே நின்றுபோனது. ஒரு கணம் ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள். தவணை முடிகிற கொதிகலன், கடைசி ஏற்றம், இனி அது பின்னால்தான் உருளும். வா, வா, வந்துவிடு என்று நெஞ்சுக்குள் கெஞ்சினாள். பிறகு ஒரு மூச்சு வந்தது. மிக மெதுவாக, அடிவயிற்றிலிருந்து. இன்னொன்று. இன்னொன்று. வளைவைப் பிடித்துக்கொண்டு, கன்னங்கரிய அந்தப் பிரமாண்டம், சிவந்த சில்லுகளோடும் வயிற்றுக்குள் தெரிந்த நெருப்போடும் அவள் கண்முன்னே எழுந்து வந்தது. மனிதர் செய்த ஒன்று இப்படி உயிரோடு வரும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அவளுடைய உடம்பில் ஒவ்வொரு மயிரும் எழுந்து நின்றது.

"அலோசியஸ்! ஏறுது! கரிக்கோச்சி ஏறுதப்பா!"

கல்யாணம் முடித்த நாளிலிருந்து அந்தப் பேர் அவள் வாயில் வந்ததில்லை. கந்தோர்களில் புருஷனின் பேரைக் கேட்டால் அவருடைய அட்டையை எடுத்து நீட்டுவாள். இன்று அது அவளைக் கேளாமல், தடையில்லாமல், காடு அதிரப் போய்விட்டது. எஞ்சின் அவர்களைக் கடந்து வெந்நீர்ப் புகையை முகத்தில் விசிறிவிட்டுப் போனது. அவள் புகைக்குள்ளே உறைந்து நின்றாள்.

யாரும் திரும்பவில்லை. திரும்ப முடியாது, மைக்குகள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தன. சத்தம் அடங்கும்வரை அசையக்கூடாது என்ற சட்டம் அவளைத் திட்டுவதற்கும் இடம் கொடுக்கவில்லை. ரயில் மலையேறிப் போய்க்கொண்டேயிருந்தது. தேய்ந்து, தேய்ந்து, இதோ முடிந்தது என்று நினைக்கையில் இன்னொரு வளைவில் மறுபடி கேட்டது. அந்த நேரம் முழுவதும் கொறற்றி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டு வாங்கியிருந்தாலும் இதைவிடச் சுகமாக இருந்திருக்கும்.

டெரியின் கை இறங்கியது. நியூகாசில் கிழவர் பதிவைக் கேட்கிற காதுக்கருவியைக் கழற்றி, அவளைப் பார்க்காமல், ஒரு மரத்தைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னார். அதை விளங்க அவளுக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை. அலோசியஸ் ஒவ்வொருவராகப் போய் மன்னிப்புக் கேட்டார். சிலர் தோளில் தட்டினார்கள். கிழவர் முகம் கொடுக்கவில்லை, கம்பியைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். டெரி மட்டும், உன் மனைவி கத்தியது என்ன, செபமா என்று கேட்டான். அவர்களுக்கெல்லாம் அலோசியஸ் வெறும் 'அல்'தான், முழுப்பேர் யாருக்கும் தெரியாது. அலோசியஸ் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார். "இல்லை. என்ர பேர்."

திரும்பும் ரயிலில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வெகுநேரம் கொறற்றி பேசவில்லை. அவளுக்கே அது புதுமையாக இருந்தது.

"நான் இனி வரேல்ல. நீங்கள் போயிட்டு வாங்கோ," என்றாள் கடைசியில். "எனக்கு ஏலாதுதான். நீங்கள் சொன்னது சரி."

அலோசியஸ் காதுக்கருவியை மாட்டி, பதிவில் எதையோ தேடினார். கேட்டார். பின்னுக்குத் தள்ளி மறுபடி கேட்டார். புருவம் சுருங்கியது. இன்னொருமுறை பின்னுக்குத் தள்ளினார். அவருடைய விரல் அந்த ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதை அவளால் பார்க்க முடியவில்லை.

"அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுக்கேலாதோ?"

அலோசியஸ் காதுக்கருவியைக் கழற்றி, மேசைக்கு மேலாகக் குனிந்து, அவள் காதுகளில் மாட்டிவிட்டார்.

பனி சொட்டியது. விசில் மலைகளைச் சுற்றிவிட்டு வந்தது. மூச்சு ஏறி, வழுக்கி, இருமி, நின்றது. அந்தச் சூனியம். பிறகு அந்த முதல் மூச்சு, இன்னொன்று, இன்னொன்று, அவற்றுக்குமேல் ஒரு பெண்ணின் குரல். பயமும் சந்தோசமும் கலந்து, வெட்கம் என்ற ஒன்றையே அறியாத குரல். அது தன்னுடையது என்று நம்ப அவளுக்குச் சிறிது நேரம் பிடித்தது. அந்தக் குரல் கூப்பிட்டு முடிந்த கையோடு, எஞ்சின் வந்து மூடுவதற்கு முன்னால், மைக்குக்கு மிகக் கிட்ட, காட்டில் அவள் காதுக்கு எட்டாத ஒன்று பதிந்திருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டதுக்குப் பதில் கொடுக்கிற, தாழ்ந்த, நடுங்கிய ஆண்குரல்.

"ஓம்."

கொறற்றி நிமிர்ந்து பார்த்தாள். அலோசியஸ் யன்னலுக்கு வெளியே ஓடுகிற மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது நுனி சிவந்திருந்தது. சத்தம் முழுதாக அடங்கும்வரை அவள் கேட்டாள், அவர் காத்திருந்தார். பிறகு தட்டை வெளியே எடுத்தார். அதன் விளிம்பில் ஒரு சிறு தாழ்ப்பாள் இருந்தது. அதைத் தள்ளிவிட்டால் அந்தத் தட்டின் மேல் இனி வேறு எதையும் பதியவோ, இருப்பதை வெட்டவோ முடியாது. குளிரில் விறைத்த விரல் இரண்டு தரம் வழுக்கியது. மூன்றாம் தரம் நகத்தைக் கொடுத்துத் தள்ளினார், அது டிக்கென்று போய் விழுந்தது.