மூன்றாம் படி

பிரபஞ்சம் தோன்றிய நாள்தொட்டுப் பெருகிவந்த குலைவை, எல்லாவற்றையும் கலைத்துப்போடும் ஒழுங்கின்மையை, மனிதகுலம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு வென்றது. புதன்கிழமை குலைவு சாக்குமூட்டைகளில் ரேஷன் கடைக்கு வந்து இறங்கியது.

ஊரை ஒழுங்குபடுத்த வைத்த செயற்கை அறிவு எல்லாவற்றையும் யோசித்து யோசித்து அடுக்கியது. அடுக்கியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே குலைவு அதன் பின்பக்கமாக வெளியே வந்தது. அதை அழிக்க முடியாது என்பது இயற்கை விதி. தலைக்கு ஒரு படி வாங்கியே தீர வேண்டும் என்பது அரசு விதி.

தாலுகா ஆபீஸ் வைகுண்டத்தின் வீட்டில் இரண்டு பேர். வந்தது மூன்று படி. அவர் பகலெல்லாம் ஆபீசில் இருந்ததால் உபரிப் படி மனைவி சண்முகவடிவின் மேல் படிந்தது. திங்களன்று அவள் குழம்பை இறக்கிவிட்டுப் பிறகு காய் நறுக்கினாள். வியாழனன்று இருமல் கூடத்திலும் வாய் அடுக்களையிலும் இருந்தன.

வெள்ளிக்கிழமை, "ஏங்க, என் இடது கையப் பாத்தீங்களா? இப்பதான் இங்க வச்சேன்" என்றாள்.

வைகுண்டம் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

"வீட்ல ரெண்டு பேருதாம்மா" என்றார்.

"கார்டுல மூணு பேரு, அண்ணாச்சி" என்றாள் கடைக்காரி பேச்சியம்மாள். "உங்க அப்பா இருக்காருல்லா."

"அவுக போயி எட்டு வருசமாச்சு."

"சீனி மட்டும் மாசாமாசம் திங்காகளாக்கும்."

வைகுண்டம் தராசைப் பார்த்தார். பேச்சியம்மாள் மேசைமேலிருந்த பில் எந்திரத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"பெயர் நீக்கத்துக்கு உரியவர் நேரில் வர வேண்டும்" என்றது அது.

"அவரால வர முடியாது."

எந்திரம் யோசித்தது. யோசித்ததில் கால் படி குலைவு மேசையில் உதிர்ந்தது. "சரிபார்த்தேன். அவர் முழுதாகக் கலைந்துவிட்டார். ஒத்துழைப்புக்கு நன்றி. நீக்கினால் அவர் பங்கு சீனியும் நிற்கும். சம்மதமா?"

கைப்பேசி அடித்தது. "சீக்கிரம் வாங்க முழங்கால் காணல" என்ற சொற்கள் தலைகீழாக வந்தன. அவர் அவற்றை வரிசைப்படுத்திப் புரிந்துகொண்டார். அவருக்கு அது பழக்கமாகியிருந்தது.

தராசில் சீனி குவிந்திருந்தது. வெள்ளையாக, ஒழுங்காக.

"இந்த மாசத்தத வாங்கிட்டு, அடுத்த மாசம் நீக்கலாமா?"

"நீக்கலாம்."

"அண்ணாச்சி" என்றாள் பேச்சியம்மாள். பிறகு அளந்து போட்டாள், சீனியையும் மூன்று படி குலைவையும்.

வீட்டில் சேலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. "வந்துட்டீங்களா" என்ற குரல் உலைப்பானைக்குள்ளிருந்து கேட்டது. பிறகு அது எழுத்தெழுத்தாகப் பிரிந்து ஜன்னல் வழியே போயிற்று. ஊர் மிகவும் சுத்தமாக இருந்ததால் வெளியே ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகத் தெரிந்தது.

வைகுண்டம் சீனியை டப்பாவில் கொட்டினார். அலமாரியில் ஏற்கெனவே ஏழு டப்பாக்கள் நிரம்பியிருந்தன.

அவருக்குப் பதினோரு வருடமாக நீரிழிவு.