தவணை முடிந்த வெள்ளிக்கிழமை

பெற்றோலுக்கு வரிசை நின்ற அந்த வருடத்தில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, கல்முனையில் எங்கள் பெற்றோல் செட்டுக்குக் காவல் நின்ற படையினர் எல்லோரும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றார்கள். ஊரின் அமைதிக்காகப் படையை வீதியில் இறக்கும் அரச வர்த்தமானிக் கட்டளைக்கு ஆயுள் ஒரு மாதம். அது முதல்நாளோடு முடிந்திருந்தது. கொழும்பில் யாரோ புதியதை வெளியிட மறந்துவிட்டார்கள். வரிசையில் நின்ற விவசாயிகள் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. விதைப்புக்கு முந்தி விவசாயிகளும் அதிகாரிகளும் கூடும் கன்னக் கூட்டத்தில், மாடுகளை வயல் வட்டையிலிருந்து அப்புறப்படுத்தத் திகதி வைப்பார்கள். அதற்குப் பிறகு பெரிய நிலக்காரப் போடியாரின் மாடானாலும் வயலில் கால் வைக்க உரிமையில்லை. சட்டமென்றால் அப்படித்தானே என்று சொல்லிவிட்டு, வரிசை தவறிவிடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

ஸுஹைறாதான் அதை அப்படியே விடவில்லை. அவள் கணவன் காலிதீன், அறுவடை வெட்டு மெசினுக்கு டீசல் இல்லை, வயலில் நெல் முற்றிக் கொட்டுகிறது என்று முதல்நாள் வரிசையில் சத்தம் போட்டுப் பிடிபட்டு, பொலிசில் ஒப்படைக்கப்படாமலே செட்டுக்குப் பின்னால் காவலரணில் கிடந்தான். அவள் நேரே காவலுக்குப் பொறுப்பான சாஜனிடம் போனாள்.

"எங்கட மனிசன உட்டுருங்க மனே."

"ஓடர் இல்லாம விட ஏலாது உம்மா."

"ஓடர் இல்லாம புடிச்சி வெச்சிருக்கவும் ஏலாதே மனே."

அதைக் கேட்டுக் காலிதீன் காவலரணிலிருந்து தானே எழுந்து வெளியே வந்தான். சாஜன் அவன் கையை மட்டும் எட்டிப் பிடித்தார். காலுக்குக் கீழே தரை இல்லாதவருக்கு என்ன பலம்? காலிதீன் நடக்க, அவரும் கூடவே இழுபட்டுப் போனார். கடற்காற்று பலமாக இருந்தது. விட்டால் ஆள் வயல் பக்கம் அள்ளுண்டு போய்விடுவார் என்று காலிதீனும் கையை விடவில்லை. நற்பிட்டிமுனையில் அவர்கள் வீட்டில் பகல் சோறும் சேர்ந்தே சாப்பிட்டார்கள்.

பின்னேரம் பள்ளியில் அஸர் பாங்கு சொல்லும்போது புதிய கட்டளை வந்தது. ரேடியோ சொல்லுமுன்பே சாஜனின் சப்பாத்து சீமெந்தில் டக்கென்று பட்டது. ஸுஹைறா அழத் தொடங்கினாள். காலிதீன் எழுந்து இரண்டு கைகளையும் நீட்டினான். சாஜன் அந்தக் கைகளை மெல்லக் கீழே இறக்கிவிட்டார்.

"புது ஓடர் வந்த பொறகு இவர் சத்தம் போடல்லயே" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அதன் பிறகு கொழும்பு மறக்கவேயில்லை. தவணை முடியுமுன்பே அடுத்த கட்டளை வந்துவிடும். முடிந்தால் முடிந்ததுதான் என்று தரைக்குக்கூடத் தெரிந்திருந்த அந்த ஒரு பகலை நினைத்தால் இன்னும் ஏக்கமாகத்தான் இருக்கிறது. மகள் றினோஸாவுக்குச் சீதன வீடு கட்டியபோது, வாசல் நிலையை ஒரு சாண் உயர்த்தும்படி ஸுஹைறா மேசனிடம் சொன்னாள். சாஜன் அன்று வீட்டுக்குள் வரும்போது நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டது அவள் மனதில் கிடந்தது. இப்போது ஊரில் எந்தப் புது வீட்டுக்கும் யாரும் சொல்லாமலே மேசன்மார் அப்படித்தான் வைக்கிறார்கள்.