வெளுத்த வட்டம்

அந்தக் கம்பெனியில் அவளை எல்லாரும் மீட்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கும் கைக்கும் பூசுகிற க்ரீம் செய்யும் சின்னக் கம்பெனி. பூசிக்கொண்டவர்களின் தோலில் மீட்டரை வைத்து அளப்பது அவள் வேலை. ஒரு மீட்டர், தோலில் எவ்வளவு ஈரம் நிற்கிறது என்று சொல்லும். இன்னொன்று, தோல் வழியாக எவ்வளவு தண்ணீர் ஆவியாக ஓடிப்போகிறது என்று சொல்லும். முதலாவது கூட வேண்டும், இரண்டாவது குறைய வேண்டும், அவ்வளவுதான் சங்கதி. இதுக்கா நாலு வருஷம் படிச்சே என்று அவள் மாமியாரே கேட்டிருக்கிறாள்.

இந்த முறை வந்தது காளான் க்ரீம். மரக்கட்டையில் வெள்ளை வெளேரென்று முளைக்கும் காளானை வேகவைத்து வடித்தால் கொழகொழவென்று ஒரு சாறு வரும். அது தண்ணீரைப் பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. ஈரம் நிற்கும், சரி. வறண்டு வெடித்த தோல் மறுபடி இறுகி மூடுமா? அதைத்தான் ஆறு வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரிப்புத் தோல்காரர்கள் பதினோரு பேர். ஒவ்வொருவருக்கும் இரண்டு கையிலும் பேனாவால் ஒரு வட்டம். ஒரு வட்டத்தில் காளான் க்ரீம், மற்றதில் வெறும் க்ரீம். எந்தக் கையில் எது என்று அளக்கிறவளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தவள் கலக்குகிறவள் ஒருத்திதான்.

அவள் கரண்டியக்கா. பதினாலு வருஷப் பழக்கம், ஒரே டப்பாவில் சாப்பிட்ட சிநேகம். மீட்டரம்மாவின் பிரசவத்தன்று ஆஸ்பத்திரி வாசலில் கால் கடுக்க நின்றது புருஷன் இல்லை, இவள்தான். எந்த க்ரீமைக் கலக்கினாலும் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியதை வழித்து முதலில் தன் புறங்கையில் தேய்த்துக்கொள்வாள். "நான் போட்டுக்காததை ஊரைப் போட்டுக்கச் சொல்ல மாட்டேன்" என்று பீற்றிக்கொள்வாள். அந்தக் கை எப்போதும் பளபளவென்று இருக்கும்.

மீட்டரம்மாவின் மகளுக்கு ஒன்பது வயது. அவளுக்குப் பட்டு என்று செல்லப் பெயர் வைத்ததும் கரண்டியக்காதான். பெயருக்கும் தோலுக்கும் சம்பந்தமே இல்லை. முழங்கை மடிப்பெல்லாம் வறண்டு, வெடித்து, சொறிந்து சொறிந்து ரத்தம். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளை தள்ளி உட்கார்ந்ததாம். பெற்றவளுக்கு எப்படி இருக்கும்!

இரண்டாவது வாரத்திலேயே பதினோரு பேரும் ஒரு கையில் அரிப்பு நின்றுவிட்டது என்றார்கள். மீட்டரம்மாவுக்கு மனசு தாங்கவில்லை. சோதனை முடியும்வரை ஒரு சொட்டுகூட வெளியே போகக் கூடாது என்பது விதி. அதை எழுதி ஒட்டியவளே அவள்தான். ஒட்டியவளே போய்க் கேட்டாள்.

"அக்கா, பட்டுக்கு ஒரு டப்பா தருவியா?"

கரண்டியக்கா பாத்திரத்தை இன்னும் இரண்டு சுற்று கலக்கிவிட்டுத் தலையாட்டினாள். மறுநாள் டப்பாவோடு வந்தாள், மூடிமேல் 'பட்டு' என்று அழகாக எழுதி.

"தாராளமா போடு. வெறும் காளான்தானே!"

மூன்றே நாளில் சிவப்பு போன இடம் தெரியவில்லை. மீட்டரம்மா கரண்டியக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பாவி, அழுதாள்!

முதல் நாளுக்குப் பிறகு ஆறாவது வாரத்தின் கடைசி நாள்தான் மறுபடி அளப்பது. அன்று காலையில் மீட்டர் குழப்பியது. பதினோரு பேருக்கும் ஒரு கையில் ஈரம் ஏகத்துக்குக் கூடியிருந்தது. அதே கையில் ஓடிப்போகிற தண்ணீரும் கூடியிருந்தது. குடத்தில் தண்ணீர் ஊற்ற ஊற்ற அடியில் ஒழுகுகிற கதை. தோலைப் பார்த்தாள். வட்டத்துக்குள்ளே மட்டும் வெளுத்திருந்தது, பேனாக் கோட்டுக்கு வெளியே இல்லை. காளானுக்கு ரத்தக்குழாயைச் சுருக்கி வெளுக்க வைக்கத் தெரியாது. ஸ்டீராய்டு ஆயின்மென்டுக்குத்தான் தெரியும். மூன்று நாளில் சிவப்பை அடக்கும், வாரக்கணக்கில் போட்டால் தோலை மெலிய வைத்துவிடும். வேறொரு மருந்தை அளந்தபோது இதையெல்லாம் கண்ணாரப் பார்த்தவள்தான் அவள்.

அவளுக்குப் பதினோரு பேரும் மறந்துபோனார்கள். வீட்டு அலமாரியில் இருக்கும் டப்பாதான் கண் முன்னால் நின்றது.

பள்ளிக்கூடத்துக்கு ஓடி மகளைக் கூட்டி, வழியில் வீட்டில் டப்பாவையும் எடுத்துக்கொண்டு வந்தாள். அளக்கும் அறையில் தோல் நிதானத்துக்கு வர இருபது நிமிஷம் உட்கார வைக்க வேண்டும். அந்த இருபது நிமிஷமும் கடவுளிடம் பேரம் பேசினாள். பிறகு மடிப்பில், ஓடிப்போகிற தண்ணீரை அளக்கும் மீட்டரை வைத்தாள். டப்பா திறந்த அன்று ஆசைக்கு அளந்து வைத்தது பதினெட்டு. இன்று முப்பத்தொன்று. மெலிந்த தோலுக்கு அடியில் நரம்பு நீலமாகத் தெரிந்தது.

மகளை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு டப்பாவோடு கலக்கும் அறைக்குப் போனாள்.

"என்னக்கா கலந்தே?"

"என்ன கேக்கறே? காளான்தான்."

"வட்டம் வெளுத்திருக்கு. யார் காதுல பூ சுத்தறே?"

கரண்டியக்கா கரண்டியை வைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றினாள்.

"முதலாளி கெடு வெச்சிட்டாரு. காளான் மட்டும் போட்டா ஈரம் நிக்குது, அரிப்பு ஆற மாசக்கணக்காகுது. எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடுவேன்னாரு. கொஞ்சூண்டு ஆயின்மென்ட்தான்டி கலந்தேன்."

"எல்லாத்தையும் அறிக்கையில எழுதப் போறேன்."

"எழுது. டப்பாவை வீட்டுக்குக் கொண்டு போனது யாருன்னும் எழுது. உன் வேலையும் போகும்."

"போகட்டும். என் பொண்ணுக்கு எப்படிக்கா குடுத்தே? தெரிஞ்சே எப்படிக் குடுத்தே?"

"ஐயோ, அதுல கலக்கலடி! அவளுக்குன்னு தனியா எடுத்து வெச்சேன். நம்ம பட்டு மேல சத்தியம்!"

மீட்டரம்மா தடுமாறிப் போனாள். மீட்டர் தப்பாக இருக்குமோ? வெயில் காலத்து வியர்வையோ? பதினாலு வருஷம் அவளை நம்பச் சொல்லிக் கெஞ்சியது. சத்தியம் கேட்டதும் தோல் மருத்துவம் எல்லாம் மறந்து நின்றாள், முட்டாள் மாதிரி.

அதற்குள் பட்டு வந்துவிட்டாள். அவளை யார் ஓரிடத்தில் உட்கார வைக்க முடியும்?

"பெரியம்மா!" என்று போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்ததும் முகத்தைச் சுளித்தாள். "என்ன பெரியம்மா, கை இப்படிச் சொரசொரன்னு இருக்கு?"

அப்போதுதான் மீட்டரம்மாவும் அந்தக் கையைப் பார்த்தாள். புறங்கை வறண்டு பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஆறு வாரமாக இவள் கையுறை மாட்டிக்கொண்டுதான் கலக்கினாள். தினம் பார்த்தும் உறைக்கவில்லை.

பட்டு, அம்மா கையிலிருந்த டப்பாவை வாங்கித் திறந்து, விரல் நிறைய வழித்தாள்.

"இருங்க, நான் போட்டு விடறேன். எனக்கு மூணே நாள்ல சரியாச்சு."

கரண்டியக்கா வெடுக்கென்று கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

பட்டு விரலை நீட்டியபடியே, "எரியாது பெரியம்மா, வெறும் காளான்தானே" என்றாள்.

மீட்டரம்மா மகளின் விரலைத் தன் முந்தானையில் அழுத்தித் துடைத்தாள்.