கறுப்பியின் இலை

ஒட்டரிசிச் சோற்றை உருட்டிய வான்பென்னின் கை அப்படியே நின்றுவிட்டது. கரும்பு ஆய்வுப் பண்ணையில் அவளோடு வேலை பார்க்கும் தவீ, பப்பாளிக்காய்ச் சாலட்டின் உறைப்பில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தான்.

"நேத்து எடுத்த அளவுல உன் கறுப்பிதான்க்கா முதல்ல நிக்குது. நாளைக்குத் தேர்வுக் கூட்டத்துல ஒருத்தனும் வாயத் திறக்க முடியாது."

கறுப்பி அவள் கலப்பு செய்து உருவாக்கிய கரும்பு. இரண்டு முறை கழித்துக்கட்டப் பார்த்தார்கள். சண்டை போட்டுக் காப்பாற்றினாள். தண்ணீர் காட்டாத இந்தத் திடலில் தேறாவிட்டால் வேரோடு பிடுங்கிவிடுவார்கள். இலையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைக் கொண்டு செடியின் தாகத்தைச் சொல்லும் கருவிதான் இங்கே நீதிபதி.

நேற்று திங்கட்கிழமை, ராஜா பிறந்த கிழமை; அதற்கு மஞ்சள்தான் நிறம். ஆபீசில் எல்லோரையும் போல அவளும் மஞ்சள் சட்டை. வானம் மூடுவதற்குள் எடுத்துவிடலாம் என்று அதோடே வயலுக்கு ஓடியிருந்தாள். அளவெடுக்கும்போது கறுப்புச் சட்டைதான் போட வேண்டும். வெளிர்த்துணியில் பட்ட வெயில் இலைமேல் விழுந்து கருவியை ஏமாற்றிவிடும். மற்ற செடிகளின் இலைகளைக் கருவிக்குக் கறுப்புச் சட்டைக்காரன் தவீ பிடித்தான். கறுப்பியை மட்டும் வேறு யார் தொட்டாலும் அவளுக்கு ஆகாது. தானே கவிந்து, மார்போடு அணைக்காத குறையாகப் பிடித்திருந்தாள்.

மஞ்சள் சட்டையோடு அளந்ததைச் சொன்னாள். தவீ சிரித்தான். "அட விடுக்கா. உன் சட்டை என்ன அவ்ளோ பெரிய ஆளா?"

"இதை நம்பி நட்டுட்டு, மழை ஏமாத்தினா யாருடா அழுவாங்க? கரும்பு போடற உங்கப்பாதானே?"

தவீ சிரிப்பை நிறுத்தினான். "சாயங்காலம் மழைங்கறாங்க. நனைஞ்சிட்டா அப்புறம் அளவே கிடையாது. இப்ப எடுத்து, கம்மியா வந்துச்சுன்னா கறுப்பி காலி. யோசிச்சுக்க."

யோசித்தாள். பாழாய்ப்போன மனசு, மழை இப்போதே கொட்டினால் என்ன என்றுகூடக் கேட்டது. எழுந்து கை கழுவிவிட்டுக் கறுப்புச் சட்டையை மாட்டிக்கொண்டாள்.

வயலில் கருவியை அவள் தொடவில்லை. "நீயே பிடி, நீயே எடு" என்று தவீயிடம் சொல்லிவிட்டு வரப்பிலேயே நின்றாள். மேகம் விலகி வெயில் விழுந்தது. இத்தனை நாளும் கிட்டே நின்று பார்த்தவளுக்குப் பச்சை மட்டுமே தெரிந்திருந்தது. இப்போது வரிசை முழுதும் தெரிந்தது. பக்கத்துச் செடிகளைப் போலவே கறுப்பியும் தாகத்தில் இலை விளிம்புகளை உள்ளே மடக்கத் தொடங்கியிருந்தாள்.

தவீ திரும்பிப் பார்த்தான். "நேத்து நீ நீவி விரிச்சுப் பிடிச்சியே, அப்படிப் பிடிக்கட்டாக்கா?"

அவள் வரப்பை விட்டு இறங்கவில்லை.

"வேணாம். சுருண்டது சுருண்டபடியே எடு."