எண்ணாத ஆடு

லாரியின் ஹாரன் மூன்று முறை அலறியதும் கொட்டகையிலிருந்த ஆடுகள் அத்தனையும் வெடுக்கென்று எழுந்து நின்றன. சதாசிவம் கையிலிருந்த தழைக்கட்டைக் கீழே போட்டுவிட்டு வெளியே வந்தார். கால்நடை இலாகாவின் லாரி செம்பனை மரங்களுக்கு நடுவே, மழையில் குழைந்த பாதையில் தள்ளாடி வந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் மஞ்சள் நிறத்தில் ஒரு மண்தோண்டும் இயந்திரம். அது எதற்கு என்று முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்தபோது கொட்டகை வாசலை மறித்து நின்றார்.

மூன்று வாரத்துக்கு முன் இதே ஆட்கள்தான் வந்து ஒவ்வோர் ஆட்டின் கழுத்திலும் ஊசி குத்தி ரத்தம் எடுத்துப் போனார்கள். போகும்போது காதில் எண் போட்ட வில்லைகளை அடித்துவிட்டுப் போனார்கள். ஜொகூரின் பத்து பாகாட் வட்டாரத்தில் ஆடு வளர்ப்பவர்கள் எல்லாருக்கும் இந்தச் சோதனை உண்டு என்பதால் அவர் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

லாரியிலிருந்து ஹேமநாதன் இறங்கினான். இலாகாவில் வேலை செய்யும் பையன். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் அட்டையில் சொருகிய தாள்கள்.

“ஒம்பது ஆட்டுக்குச் சீக்கு இருக்கு ஐயா. சட்டப்படி இன்னைக்கே முடிச்சாகணும்.”

“என்னப்பா சொல்ற? திங்குதுங்க, குதிக்குதுங்க. சீக்குன்னு யாரு சொன்னா?”

“ரத்தம் சொல்லுது ஐயா.”

“அதுக்கு ஒம்பதையுமா? ரெண்டு மூண விட்டுட்டுப் போயேன் தம்பி. நம்மாளுதானே நீ?”

“நம்மாளுங்கிறதாலதான் நான் வந்து தமிழ்ல சொல்றேன். இல்லாட்டி கடுதாசி மட்டும்தான் வந்திருக்கும்.”

பதினான்காம் எண் வில்லை மாட்டிய வெள்ளாடு, தழை கிடைக்கும் என்று சதாசிவத்தின் சட்டை நுனியை இழுத்தது. ஹேமநாதன் தாளைப் பார்த்தான். ஆட்டின் காதைப் பார்த்தான். பிறகு அதன் கழுத்தில் மெதுவாகக் கயிற்றைப் போட்டான்.

கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டும் சத்தம் கேட்டது. சதாசிவம் அந்தப் பக்கம் போகவில்லை. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். தோட்டத்தில் வேலை போன பிறகு இந்த ஆடுகள்தான் அவருக்கு ஊரும் உறவும். பின்பக்கத்திலிருந்து வந்த கத்தல்களை அவரால் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல முடிந்தது. ஒவ்வொன்றாக அடங்கியபோதும் பெயர் தெரிந்தது.

கொட்டகையில் பதின்மூன்று மிஞ்சியிருந்தன. தாளில் எழுதியிருந்தது இருபத்திரண்டு. ரத்தம் எடுத்த அன்றைக்கு அந்த எண்ணிக்கைக்குக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

கணக்கில் வராதவை இரண்டு இருந்தன. வாய்க்கால் ஓரம், தகரக் கூரை போட்ட முனியாண்டி கோயிலுக்குப் பின்னால் ஒரு செவலை ஆடும், அதன் இரண்டு மாதக் கிடாக்குட்டியும். குட்டி சாமிக்கு நேர்ந்து விட்டது. அது பால் மறக்கிற வரைக்கும் தாயும் சாமியுடையது. சாமிக்கு விட்டதை மந்தையோடு சேர்த்து எண்ணக் கூடாது என்பது அவர் அப்பா காலத்திலிருந்தே உள்ள வழக்கம். எண்ணினால் என்னுடையது என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். அதனால் “மொத்தம் எத்தனை?” என்று இலாகாக்காரர்கள் கேட்டபோது அவர் கூசாமல் இருபத்திரண்டு என்றார். பொய் சொன்னதாகவே அவருக்குத் தோன்றவில்லை. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கவும் செய்தார்.

நேர்த்திக்கடன் மருமகளுக்காக. மகன் மதிவாணனுக்கும் ஷர்மினிக்கும் கல்யாணமாகி ஆறு வருஷம். ஜொகூர் பாருவில் பார்க்காத டாக்டர் இல்லை. கடைசியில் வயிற்றில் ஒன்று தங்கியதும், “நல்லபடியா பெத்தெடுத்தா அடுத்துப் பொறக்கிற கிடா ஒனக்குத்தான்” என்று சதாசிவம் முனியாண்டி முன்னால் கற்பூரம் அணைத்தார். மகன் சிங்கப்பூர் வேலைக்கு இருட்டோடு கிளம்பி இருட்டிய பிறகு வருகிறவன். அதனால் ஷர்மினி, ஜொகூர் பாரு தெப்ராவிலிருந்த வீட்டை அவனிடம் விட்டுவிட்டு மாமனார் வீட்டுக்கே வந்துவிட்டாள். இப்போது ஐந்தாம் மாதம்.

செவலை இரட்டைக் குட்டி போட்டது. ஒன்று செத்தே பிறந்தது. சாமி ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்றை விட்டிருக்கிறார் என்று சொல்லி, செத்த குட்டியை மரத்தடியில் புதைத்தார்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் செவலையின் பாலைக் கறந்து சாமி தலையில் ஊற்றி, வழிந்ததைச் சொம்பில் பிடித்து, ஒரு டம்ளர் ஷர்மினிக்கு. பாட்டிலில் அடைத்து விற்கிற பாலை அவர் மனைவி கிருஷ்ணம்மா நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் கொடுப்பாள். அதில் யாரும் குறை சொன்னதில்லை. இது மட்டும் அப்படியே.

“கொஞ்சம் காய்ச்சித் தரலாமே அத்தை?” என்று முதல் வாரம் ஷர்மினி கேட்டாள். தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தவள்.

“சாமி மேல பட்டத அடுப்புல ஏத்துவாங்களாம்மா?”

ஆறு வருஷம் காத்திருந்தவள், வேப்பெண்ணெயைக் கொடுத்தாலும் குடித்திருப்பாள். கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். அப்படி ஏழு வெள்ளிக்கிழமைகள்.

குழிப்பக்கம் ஒரு சத்தமும் இல்லை. ஹேமநாதன் பூட்ஸை மருந்துத் தண்ணீரில் கழுவிவிட்டு வந்து எதிரே நின்றான்.

“ஐயா, இது மனுசங்களுக்கும் வர்ற சீக்கு. பாலக் காய்ச்சாம குடிச்சா வரும். காய்ச்சல் வரும், போகும், திரும்ப வரும். ராத்திரியில தொப்பலா வேர்க்கும். முட்டி முட்டியா வலிக்கும்.”

பத்து நாளாக ஷர்மினியின் தலையணை உறையைக் கிருஷ்ணம்மா தினமும் துவைத்துப் போடுகிறாள். புள்ளத்தாச்சி உடம்பு சூடுதான் என்று அவளே சொல்லிக்கொள்வாள். கிளினிக்கில் பனடோல் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

“மாசமா இருக்கறவங்க குடிச்சிட்டா?” என்று சதாசிவம் கேட்டார்.

ஹேமநாதன் வீட்டு வாசலைப் பார்த்தான். அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் ஷர்மினி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் குரலைத் தணித்துக்கொண்டான்.

“ஆட்டுக்கு என்ன ஆகுமோ அதுதான் ஐயா. தங்காமப் போகலாம். செத்தும் பொறக்கலாம். எல்லாருக்கும் அப்படி ஆகும்னு இல்ல. சீக்கிரம் சொன்னா மருந்து இருக்கு. ஒங்க கொட்டாயில குட்டி ஏதும் செத்துப் பொறந்துச்சா?”

மரத்தடியில் தான் மூடிய அந்தச் சின்னக் குழி சதாசிவத்தின் கண்ணில் வந்து நின்றது.

சொன்னால் செவலையும் குட்டியும் பிடிபடும். கொடுத்த வாக்குப் போகும். வாக்குப் போனால் சாமி சும்மா இருப்பாரா? ஆட்டைப் பற்றி வாயைத் திறக்காமல், அவளை மட்டும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் என்ன? ஆனால் எதைத் தேடுவது என்று தெரியாத டாக்டர் எதைக் கண்டுபிடிப்பார்? இன்னொரு பனடோல் கொடுப்பார். கையெழுத்துப் போட்ட தாள் வேறு. ஜெயில் என்பார்களோ, அபராதம் என்பார்களோ. எல்லாவற்றையும் தாண்டி அந்தத் தலையணை உறைதான் கண்முன் ஆடியது.

“தம்பி, இன்னும் ரெண்டு இருக்கு.”

தண்ணீர் வாளியோடு வந்த கிருஷ்ணம்மா அப்படியே நின்றாள். “ஏங்க! அது சாமி ஆடுங்க! வாய மூடுங்க!”

“பேசாம இரு கிருஷ்ணா.”

“வயித்துப் புள்ளைக்கு நேந்தத எடுத்துக் குடுக்கப் போறீங்களா? புத்தி கெட்டுப் போச்சா ஒங்களுக்கு?”

அவர் எழுந்து வாய்க்கால் பக்கம் கையை மட்டும் காட்டினார். குழியை மூட ஆரம்பித்திருந்த இயந்திரத்தை ஹேமநாதன் கை அசைத்து நிறுத்தினான். மீதிக் குழி திறந்தபடியே கிடந்தது.

“அன்னைக்கே ஏன் ஐயா சொல்லல?”

“அது என்னுது இல்லையேப்பா.”

ஹேமநாதன் அவரைக் கோபிக்கவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. “ரத்தம் எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்” என்று மட்டும் சொல்லிவிட்டு, அடியிலிருந்து வேறொரு தாளை உருவினான். இது சுகாதார இலாகாவுக்கு என்றான். பேனாவைத் தட்டினான்.

“அந்த ஆட்டுப் பாலப் பச்சையா குடிச்சவங்க எத்தன பேரு?”

சதாசிவத்தால் வாசல் பக்கம் பார்க்க முடியவில்லை. கோயிலின் தகரக் கூரையைப் பார்த்தபடி சொன்னார்.

“ஒருத்தர்தான்.”

ஹேமநாதன் எழுதினான். பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டுச் சதாசிவம் திரும்பினார். கொட்டகைக் கதவின் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு ஷர்மினி நின்றிருந்தாள். எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை. நெற்றியில் முடி வேர்வையில் ஒட்டியிருந்தது. அவள் அழவில்லை. ஒரு கையை வயிற்றில் வைத்தபடி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டுன்னு எழுதச் சொல்லுங்க, மாமா.”