பதினான்காம் பக்கம்

மடிக்கணினியில் நிறுவனங்களை ஒப்பிடும் பட்டியலில், மூன்றாவது நிறுவனத்தின் பெயருக்கு நேராக, 'தகவல் பாதுகாப்பு' என்ற கட்டத்தில், ஷண்முகப்ரியா 'பரவாயில்லை' என்று தட்டினாள். ஆழ்வார்பேட்டையில் ஸ்ரீனிவாசராகவன் வீட்டுக் கூடத்தில் கமிட்டிக் கூட்டம் இரண்டு மணி நேரமாக இழுத்துக்கொண்டிருந்தது. வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர், அறக்கட்டளையின் செயலாளர். அடையாற்றுக்குப் புற்றுநோய் சிகிச்சைக்காக வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குத் தங்க அறை பிடித்துக் கொடுப்பதுதான் அறக்கட்டளையின் வேலை. தினமும் காலை எட்டு மணிக்கு, எங்கெங்கே அறை காலி என்ற பட்டியல் இணையதளத்தில் ஏறும். எட்டு அடித்ததும் முந்நூறு பேர் ஒரே சமயத்தில் திறப்பார்கள். தளம் படுத்துவிடும். பெருங்குடியில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் ஷண்முகப்ரியாவை தளத்தைத் தாங்கி நடத்த நல்ல சர்வர் நிறுவனமாகப் பார்த்துச் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

அவள் கேட்டது அதிகமில்லை. எட்டு மணிக் கூட்டத்தைத் தாங்க வேண்டும். தளத்தில் இருப்பது தினமும் ஒரு பிரதி எடுக்கப்பட வேண்டும். அறைக்காக நோயாளிகள் ஏற்றுகிற டாக்டர் கடிதங்களை வேறு யாரும் பார்க்கக் கூடாது. முதல் இரண்டையும் மூன்றாவது நிறுவனம் பிரமாதமாகச் செய்தது. அவளே சோதித்துப் பார்த்திருந்தாள். ஒப்பந்தத்தின் பதினான்காம் பக்கத்தில் மட்டும் ஒரு வரி இருந்தது: 'பதிவேற்றப்படும் தகவல்கள் எங்கள் பங்குதாரர் நிறுவனங்களுடன் பகிரப்படலாம்.'

"எல்லாரும் போடற லைன்தான் மேடம் அது," என்றான் அந்த நிறுவனத்திலிருந்து வந்திருந்த ஸ்ரீஹரி. "யாரும் படிக்கக்கூட மாட்டாங்க."

"இலவசமா தரேங்கறான். இதுல என்னம்மா இத்தனை ஆராய்ச்சி பண்ணிண்டிருக்கே?" என்றார் ஸ்ரீனிவாசராகவன்.

அவளுக்குப் பசித்தது. வீட்டுக்குப் போக வேண்டும் போலிருந்தது. தன் மின்னஞ்சலிலிருந்தே சம்மதம் அனுப்பினாள்.

ஒரு மாதம் தளம் ஒருநாள்கூட விழவில்லை. தினமும் காலை எட்டு மணிக்கு அலுவலக பஸ்ஸில் உட்கார்ந்து அதைத் திறந்து பார்ப்பாள். மூடியிருந்த கடை ஒன்றைத் தானே திறந்துவிட்டது மாதிரி ஒரு பெருமை.

ஒரு சனிக்கிழமை அடையாற்றில் அறைகளைப் பார்த்து வரப் போனாள். மாடி அறையில் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த பேச்சியம்மாளும் அவள் கணவர் அய்யாதுரையும் தங்கியிருந்தார்கள். அவருக்குத் தொண்டையில் புற்று. பேச்சு நின்று இரண்டு மாதமாகிறது. ஜன்னலில் ஒரு பாட்டில் இருந்தது. மூடியைத் திறந்ததும் அழுகிய வெல்லம் போல ஒரு வாடை குப்பென்று அடித்தது.

"மருந்தும்மா. ஆஸ்பத்திரில இருந்துதான் போன் போட்டாவ. கரண்டு வச்சா சத்தெல்லாம் போயிரும், இத வாங்கிக் குடுங்கன்னு சொன்னாவ. ஒரு வாரமா கரண்டு வைக்கக் கூட்டிட்டுப் போகல." கதிர்வீச்சு சிகிச்சையைத்தான் கரண்டு என்றாள்.

"ஆஸ்பத்திரின்னு எப்படி நம்புனீங்க?"

"டாக்டர் பேரச் சொல்லுதாவ. கட்டி வலது பக்கம்னு சொல்லுதாவ. வேற யாருக்கும்மா தெரியும்?"

ஊரிலிருந்து அவர்கள் மகள் லாவண்யா அறைக்காகத் தளத்தில் ஏற்றிய கடிதத்தில் அத்தனையும் இருந்தது. ஷண்முகப்ரியா கீழே இறங்கினாள். வாசல் குழாயடியில் வாயைக் கொப்பளித்தாள். நாக்கில் அந்த வாடை ஒட்டியே இருந்தது. படியில் உட்கார்ந்து ஸ்ரீஹரியைக் கூப்பிட்டாள்.

"நாங்க எதையும் விக்கல மேடம். பார்ட்னர்ஸோட ஷேர் பண்றோம், அவ்ளோதான். நீங்கதான் அக்ரி பண்ணியிருக்கீங்க, மெயில் இருக்கு." குரலில் பயம் துளியும் இல்லை. அவன் எதையோ மென்றுகொண்டிருந்தது கேட்டது.

அடுத்து போனில் பிடித்த செயலாளர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "அசட்டுத்தனமா அந்தப் பொம்மனாட்டி நம்பினா நாம என்ன பண்ண முடியும்? எச்சரிக்கைன்னு ரெண்டு வரி போட்டுடு. இப்போ போய் மாத்தி வச்சு, திரும்பக் காலம்பற படுத்துண்டா யார் பதில் சொல்றது?"

எவன் சட்டையைப் பிடிப்பது என்று தெரியவில்லை. அதைவிட அந்த 'பரவாயில்லை'தான் அருவருப்பாக இருந்தது. அதைத் தட்டியது இதே விரல்கள். பதினான்காம் பக்கத்தைப் படிக்காமல் விட்டிருந்தால் ஏமாந்தேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். அவள் படித்திருந்தாள்.

யாரையும் கேட்கவில்லை. அங்கேயே மடிக்கணினியைத் திறந்து, பட்டியலில் இரண்டாவதாக இருந்த நிறுவனத்தில் தன் கார்டைக் கொடுத்து இடம் வாங்கினாள். மூன்று மணி நேரத்தில் தளத்தை அங்கே மாற்றினாள். பழைய இடத்தில் இருந்த இருநூற்றுச் சொச்சம் கடிதங்களை அழித்தாள். 'நிரந்தரமாக அழிக்கப்பட்டது' என்று திரை சொன்னது. அதுவும் பொய் என்று அவளுக்குத் தெரியும். அவை எத்தனை இடத்துக்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்தனவோ.

மேலே போய், அந்த அழைப்புகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவை அல்ல என்று உடைத்துச் சொன்னாள். பாட்டிலைக் கழிவறையில் கவிழ்த்தாள். திங்கட்கிழமை தானே கூட வந்து டாக்டரிடம் பேசுவதாகச் சொன்னாள். ஒரு வாரம் விட்டுப்போனதற்கு என்ன ஆகும் என்று பேச்சியம்மாள் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினாள். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை.

அப்போது பேச்சியம்மாளுடைய போன் அடித்தது. பார்த்ததுமே, "மருந்து சொன்ன அந்தப் பிள்ளதான்," என்று எடுத்து, வழக்கம் போல ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, சாப்ட்டீங்களா?" இளம்பெண்ணின் இனிமையான குரல்.

ஷண்முகப்ரியா போனை வாங்கக் கையை நீட்டினாள். பேச்சியம்மாள் கொடுக்கவில்லை, நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

"அந்தப் பிள்ளய ஏசாதீயம்மா. இந்த ஊருக்கு வந்து, சாப்ட்டியான்னு என்னையக் கேட்டது இது ஒண்ணுதான்."

"ஐயாவுக்கு இன்னைக்குக் கஞ்சி எறங்குச்சா?" என்றது குரல்.

கட்டிலில் கிடந்த அய்யாதுரை போன் இருந்த திசைக்கு முகத்தைத் திருப்பி, லேசாகச் சிரித்தபடி, எறங்குச்சு எறங்குச்சு என்று தலையை ஆட்டினார்.