நடு மேஜைக்குப் போகாத மரம்

தொட்டி மாற்றிய நாலாம் நாள் காலையில் குட்டி ஆலமரத்தின் பதினோராவது இலையும் மொசைக் தரையில் விழுந்தது. சத்தியநாதன் குனிந்து பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

போன்சாய் மரத்தின் உயரம் ஒன்றரை அடி, வயது பதினேழு. ஆம்பூர் மலர்க் கண்காட்சிக்குப் பழைய மண்தொட்டி கௌரவக் குறைச்சல் என்று, ஷூ கம்பெனியில் ஜெனரல் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்ற அவர் நீலப் பீங்கான் தொட்டி வரவழைத்தார். தோல் வெட்டும் கத்தியால் வேரில் பாதியைத் தாமே நறுக்கி மாற்றி நட்டார். இன்சென்டிவ் கொடுத்து வேலை வாங்கிப் பழகிய கை, மேலாக ஒரு கரண்டி யூரியாவும் வைத்தது.

“இன்னாங்க இது? ஆபரேஷன் முடிஞ்சி வந்த பேஷண்டுக்கு யாராவது பிரியாணி குடுப்பாங்களா?” என்றார் மனைவி பொன்மலர். முப்பது வருஷம் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்.

“புக்குல போட்டிருந்தது.”

“அந்த புக்கு எழுதினவரையே வந்து தழை பொறுக்கச் சொல்லுங்க.”

மேல்மண்ணை வழித்துப் போட்டு, மரத்தைப் பின்வராந்தாவில் வைத்தார் பொன்மலர். வெயில் கூடாது, அசைக்கக் கூடாது, உப்புக்கரிக்கும் போர் தண்ணீர் கூடவே கூடாது. குடிக்கிற கேன் தண்ணீரைத் துணி தேய்க்கிற ஸ்ப்ரேயில் ஊற்றி இரண்டு வேளை தெளிப்பு. கம்பெனிக்குள் நுழைந்தாலே இரண்டாயிரம் பேரை எழுந்து நிற்கவைத்தவர் அந்தப் பக்கம் நுனிக்காலில் நடந்தார். சனிக்கிழமை பொன்மலர் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டினார். உள்ளே அரிசியளவு பச்சை.

“உயிர் இருக்கு. ஆட்டினா போய்டும்.”

ஞாயிறு ஒன்பது மணிக்குக் கண்காட்சிச் செயலாளர் நயீம் அகமது ஜீப்போடு வந்தார். சத்தியநாதன் கோட்டு, டையோடு நின்றிருந்தார்.

“சார், கலெக்டரே வர்றாரு. நடு மேஜை உங்களுதுதான். ‘ஜப்பான் இறக்குமதி’ன்னு கார்டு அடிச்சாச்சு. மரம் வரலன்னா எனக்கு பேஜார் சார்.”

சத்தியநாதன் மனைவியைப் பார்த்தார். விருந்தாளி முன்னால் இத்தனை வருஷம் அவருடைய ஜப்பான் கதையைத் திருத்தாத வாய், இன்றும் திறக்கவில்லை.

“ஜப்பானும் இல்ல, ஒண்ணும் இல்ல நயீம். ஆஸ்பத்திரி கக்கூஸ் பைப்பு சந்துல மொளச்சிது. ட்யூட்டி முடிஞ்சி வரும்போது இவதான் புடுங்கினு வந்தா. இப்ப நகத்தினா செத்துடும்.”

“கார்டு சார்?”

“கிழிச்சிடு.”

ஜீப் காலியாகப் போனது. பத்தரைக்கு வெயில் கம்பிக்கதவு வழியாகத் தொட்டியின் விளிம்புக்கு வந்தது. சத்தியநாதன் உள்ளே ஓடிக் குடையை எடுத்துவந்து விரித்து நின்றார்.

“பெட்ஷீட் கட்டிடலாமேங்க.”

“நீ கட்டு. அதுவரைக்கும் நிக்கறேன்.”

“கட்றேன், இருங்க” என்ற பொன்மலர், கிட்டே வந்து டையின் முடிச்சைத் தளர்த்திவிட்டார். வெயில் ஒரு விரற்கடை நகர்ந்தது. குடையும் நகர்ந்தது.